பாதியில் நின்ற ஃபர்ம்வேர்: ஒரு கனெக்ட்எக்ஸ்-3 கார்டை மீட்ட குறிப்புகள்

கார்டு: மெல்லனாக்ஸின் கனெக்ட்எக்ஸ்-3 நெட்வொர்க் கார்டு, 10 ஜிகாபிட், ஒரே ஒரு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (கேபிளின் தொகுதியைச் செருகும் கூண்டு). சர்வர் தயாரிப்பாளர் ஒருவரின் முத்திரையோடு வந்த பழைய கார்டு. அதன்மேல் இந்தத் தலைமுறைக்கான 2.42.5000 ஃபர்ம்வேரின் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பொதுப் பதிப்பை ஏற்ற முயன்றதில் எழுதுதல் பாதியில் அறுந்தது. அந்த நிலையிலேயே சர்வர் ரீபூட் செய்யப்பட்டது. எழுந்த பிறகு லினக்ஸில் அந்தக் கார்டுக்கான இடைமுகம் இல்லை, டிரைவர் ஏறவில்லை, போர்ட்டின் விளக்கும் எரியவில்லை.

இப்படிப்பட்ட கார்டைப் பெரும்பாலும் செத்ததாக எண்ணி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். உண்மையில் கெட்டுப்போனது கட்டுப்பாட்டுச் சிப் அல்ல, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 8 கால் ஃபிளாஷ் சிப்பில் உள்ள எழுத்து மட்டும்தான். அந்த எழுத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஃபர்ம்வேர்: அதை மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். மற்றொன்று கார்டின் அடையாளம்: மேக் முகவரி, ஜியூஐடி என்ற 8 பைட்டுத் தனி எண், பலகையின் வகையைச் சொல்லும் பிஎஸ்ஐடி. இது அந்த ஒரு கார்டுக்கே உரியது, எந்தத் தளத்திலும் கிடைக்காது. கீழே வரும் வேலைகளின் வரிசை முழுக்க இந்த இரண்டாம் வகையைக் காப்பாற்றும் நோக்கில் அமைந்தது.

முதலில், உண்மையிலேயே ஃபர்ம்வேர்தான் கெட்டதா?

மேம்படுத்திய பிறகு நெட்வொர்க் போய்விட்டது என்று வரும் கேஸ்களில் கணிசமானவற்றில் ஃபிளாஷில் எந்தப் பிழையும் இருப்பதில்லை. மெல்லனாக்ஸின் புதிய தலைமுறைக் கார்டுகளில் டிரைவரும் சேர்ந்து மேம்படும்போது இடைமுகத்தின் பெயரின் கடைசியில் ‘என்பி0’ என்ற ஒட்டு சேர்ந்துவிடுவது உண்டு. கார்டு நன்றாகத்தான் இருக்கும், பழைய பெயரை நம்பியிருக்கும் நெட்வொர்க் அமைப்புக் கோப்புதான் அதைக் கண்டுகொள்ளாது. இன்டெல் 700 வரிசைக் கார்டுகளில் வேறு கதை: என்விஎம் (கார்டில் ஃபர்ம்வேர் இருக்கும் நினைவகம்) பதிப்பு டிரைவர் எதிர்பார்ப்பதைவிடப் புதிதாக இருந்தால் ‘ஐ40இ’ டிரைவர் கர்னல் பதிவில் அதை வெளிப்படையாகவே எழுதிவிடும். இடைவெளி பெரிதாக இருந்தால் வேலை செய்யவும் மறுக்கும். அங்கே தேவை புதிய டிரைவர். ஃபர்ம்வேரைத் திரும்ப எழுதினால் பிழை கூடத்தான் செய்யும். அதே டிரைவர் ‘ஃபர்ம்வேர் ரெகவரி மோட்’ கண்டறியப்பட்டதாகச் சொன்னால் மட்டுமே என்விஎம் உண்மையில் பழுது.

இன்னொன்று பொறுமை பற்றியது. புதிய மெல்லனாக்ஸ் கார்டுகளுக்கான ‘எம்எல்எக்ஸ்5’ டிரைவர், கார்டின் ஃபர்ம்வேர் எழுந்திருக்க 120 வினாடிவரை காத்திருக்கும். பூட் ஆகும்போது திரை அசையாமல் நிற்கிறதே என்று ஒரு நிமிடத்தில் பவர் பட்டனை அழுத்துவது தேவையில்லாத வம்பு.

இவற்றையெல்லாம் விலக்க ஒரே ஒரு பார்வை போதும். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்களும் தெரியும்படி ஓட்டி, மெல்லனாக்ஸின் விற்பனையாளர் எண் 15பி3 உள்ள வரியைப் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான கனெக்ட்எக்ஸ்-3 அங்கே 1003 என்ற சாதன எண்ணோடு நிற்கும். இந்தக் கார்டு 01எஃப்6 என்று நின்றது, பக்கத்தில் ‘ஃபிளாஷ் ரெகவரி’ என்ற பெயரும் இருந்தது. அதாவது சிப் உயிரோடு இருக்கிறது, பிசிஐ பஸ்ஸில் பதில் சொல்கிறது, ஆனால் ஃபிளாஷில் பூட் ஆகத் தகுந்த படிமம் (முழு ஃபர்ம்வேர் நகல்) எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. கனெக்ட்எக்ஸ்-3 ப்ரோவில் இதே நிலைக்கான எண் 01எஃப்8, கனெக்ட்எக்ஸ்-4இல் 0209, 4 எல்எக்ஸில் 020பி, 5இல் 020டி. இவற்றில் ஒன்று தென்பட்டால் நிம்மதி அடையலாம், மீட்பு மென்பொருள் வழியாகவே முடிந்துவிடும். வரியே இல்லாமல் போனாலோ, கார்டைச் செருகியதும் மதர்போர்டு போஸ்ட் எனும் தொடக்கச் சோதனைக் கட்டத்திலேயே உறைந்தாலோதான் ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டும்.

எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது

ஃபிளின்ட் (ஃபர்ம்வேரை எழுதும் மெல்லனாக்ஸ் கருவி) சாதாரணமாக எழுதும்போது இப்படி அறுந்தாலும் கார்டு சாகக் கூடாது. 2 மெகாபைட் ஃபிளாஷில் இரண்டு படிமங்களுக்கு இடம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் படிமத்தைத் தொடாமல் மற்ற இடத்தில் புதியதை எழுதும், அதுவும் கையொப்பம் இல்லாமல். எல்லாம் எழுதி முடிந்த பிறகே கையொப்பத்தைப் போடும். திரையில் ‘கையொப்பம் இல்லாமல் எழுதப்படுகிறது’, ‘கையொப்பம் மீட்கப்படுகிறது’ என்று இரண்டு வரிகள் தனித்தனியே வருவது இதனால்தான். இரண்டாவது வரி வருவதற்கு முன் மின்சாரமே போனாலும், கையொப்பமில்லாத புதியதைச் சிப் சீந்தாது, பழையதிலிருந்தே எழும்.

இங்கே அந்தப் பாதுகாப்பு கையால் அணைக்கப்பட்டிருந்தது. வேறு முத்திரைக் கார்டில் பொதுப் படிமத்தை ஏற்றும்போது முதலில் பிஎஸ்ஐடி பொருந்தவில்லை என்று ஃபிளின்ட் நிற்கும். அதைத் தாண்ட ‘அலோ பிஎஸ்ஐடி சேஞ்ச்’ தெரிவைச் சேர்ப்பார்கள். சில கார்டுகளில் அடுத்து, பாதுகாப்பான முறையில் எழுத இயலாது என்ற செய்தி வரும். அதற்கு ‘நோஎஃப்எஸ்’ தெரிவைச் சேர்ப்பார்கள். இந்த இரண்டாவது தெரிவு ஃபிளாஷின் தொடக்கத்திலிருந்தே நேராக மேலெழுதும். அந்த நொடியிலிருந்து வேலை முடியும்வரை கார்டில் முழுமையான படிமம் ஒன்றுகூட இருக்காது. அந்த நேரத்தில் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கிய எஸ்எஸ்எச் அமர்வு துண்டிக்கப்பட்டது, அமர்வோடு ஃபிளின்ட்டும் கொல்லப்பட்டது. டிமக்ஸுக்குள் ஓட்டியிருந்தால் அமர்வு போனாலும் எழுதுதல் தொடர்ந்திருக்கும்.

ஆனால் கார்டை உண்மையில் கவிழ்த்தது அதற்குப் பிந்தைய ரீபூட்தான். பாதியில் நின்றிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்த ஃபர்ம்வேரின் முக்கியப் பகுதிகள் சிப்பின் நினைவகத்தில் இருக்கும், அதனால் கருவிகளுக்குக் கார்டு இன்னும் பதில் சொல்லும். உடனே அதே கட்டளையை மறுபடி ஓட்டியிருக்கலாம். அப்படி ஓட்டினால் பெரும்பாலும் ‘ஃபிளாஷ் செமஃபோர் கிடைக்கவில்லை (63)’ என்ற பிழை வரும். பலரும் அதைக் கண்டு மிரண்டுதான் ரீபூட் செய்கிறார்கள். அது வெறும் பூட்டு: ஃபிளாஷை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடாமலிருக்க ஃபிளின்ட் போட்டது, அது கொல்லப்பட்டதால் திறக்க ஆளில்லாமல் நிற்கிறது. வேறு எந்த ஃபிளின்ட்டும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ‘கிளியர் செமஃபோர்’ தெரிவுடன் ஒருமுறை ஓட்டினால் பூட்டு விலகும். பிறகு முழுப் படிமத்தையும் எழுதி, சரிபார்த்து, அதற்குப் பின் ரீபூட். பாதியில் அறுந்த எந்தக் கார்டுக்கும் இதுவே முதல் விதி: ஃபிளாஷ் சரியாகும்வரை மின்சாரத்தை வெட்டாதே.

அதே சமயம் ‘ஓசிஆர்’ என்ற தெரிவைக் கண்டால் கை வைக்க வேண்டாம். ஃபர்ம்வேர் தன் குறியீட்டை ஃபிளாஷிலிருந்து அவ்வப்போது எடுத்து ஓடும் கார்டுகளில், அடியிலிருந்து அதை மாற்றினால் ஃபர்ம்வேர் தொங்கிவிடும். அதைத் தடுக்கும் காவலை நீக்குவதுதான் அந்தத் தெரிவு.

எழுதுவதற்கு முன் வாசித்தது

ரெகவரி நிலையில் மெல்லனாக்ஸ் கருவிகளின் எம்எஸ்டி சேவையைத் தொடங்கினால் சாதனப் பட்டியலில் ‘எம்டி502_பிசிகான்ஃப்0’ என்று ஒன்று மட்டும் வரும். 502 என்பது 01எஃப்6இன் பதின்ம வடிவம். வழக்கமாக வரும் ‘பிசிஐ_சிஆர்’ சாதனம் இருக்காது, ஏனென்றால் அதற்கு வேண்டிய நினைவக வாசலை அமைக்க ஃபர்ம்வேர் வேண்டும். பிசிகான்ஃப் வழி மெதுவானது. சில நிமிடம் ஆகும், நின்றுவிட்டது என்று நினைத்து வெட்டக் கூடாது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கர்னலின் லாக்டவுன் இந்த அணுகலைத் தடுக்கும். பழுதுபார்க்கும் நேரத்துக்கு மட்டும் செக்யூர் பூட்டை அணைத்துவைப்பது எளிது.

இந்த இடத்தில் நேரடியாகப் புதிய படிமத்தை எழுதத் தோன்றும். கூடாது. ஃபிளாஷில் இருப்பது குப்பையாகவே இருந்தாலும் அதை முழுக்க வாசித்து வைக்க வேண்டும். வழக்கமான ‘ஆர்ஐ’ கட்டளை செல்லுபடியாகும் படிமம் இருந்தால்தான் வேலை செய்யும், ஆகவே ‘ஆர்பி’ கட்டளையால் 0 முகவரியிலிருந்து 2 மெகாபைட்டை அப்படியே ஒரு கோப்பாக எடுக்க வேண்டும். இரண்டு முறை எடுத்து, இரண்டின் ஷா256 சரிபார்ப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் வாசிப்பு நம்பத்தக்கது.

இந்தக் கோப்பிலிருந்துதான் கார்டின் பழைய அடையாளம் கிடைத்தது. மேலெழுதுதல் தொடக்கத்திலிருந்து ஓடிப் பாதியில் நின்றதால், பின்பகுதியில் பழைய படிமத்தின் மிச்சங்கள் அழியாமல் இருந்தன. ஹெக்ஸ் எடிட்டரில் தேடுவதற்கு ஒரு நல்ல பிடிமானம் உண்டு: இந்தத் தலைமுறைக் கார்டுகளில் ஜியூஐடி என்பது மேக் முகவரியின் நடுவே 0300 செருகியது. ஸ்டிக்கரில் 0002சி9112233 என்று இருந்தால் ஜியூஐடி 0002சி90300112233. அந்த 8 பைட்டைத் தேடினால் பழைய அடையாளப் பகுதி அகப்படும். பிஎஸ்ஐடியும் எழுத்து வடிவில் அருகிலேயே இருக்கும். 4 பைட்டுத் துண்டுகளாகத் திருப்பிப் போட்டும் இருக்கலாம், ஆகவே நேராகக் கிடைக்கவில்லையென்றால் ஒவ்வொரு நான்கையும் புரட்டித் தேட வேண்டும். ‘எம்டி_’ என்று தொடங்கி 10 இலக்கம் வந்தால் பொதுக் கார்டு, வேறு எழுத்துகளில் தொடங்கினால் சர்வர் தயாரிப்பாளருடையது. இங்கே வந்தது இரண்டாவது வகை.

கார்டைக் கழற்றும் வாய்ப்புக் கிடைக்கும்போதே ஸ்டிக்கரைப் படம் எடுத்துவிடுவது நல்லது. பாகம் எண், திருத்த எண், மேக் மூன்றும் அதில்தான் இருக்கின்றன. ஹீட்சிங்க் சூட்டில் பழைய ஸ்டிக்கர்கள் வெளிறிப்போகும்.

முதல் எழுதுதல், அரைகுறை வெற்றி

கையில் ஏற்கெனவே இருந்த பொதுப் படிமத்தை முதலில் முயன்றது ஒரு சோதனைக்காக: ஃபிளாஷ் சிப்பே நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். படிமக் கோப்பைக் கார்டில் ஏற்றுவதற்கு முன் ஃபிளின்ட்டிலேயே கோப்பை மட்டும் கொடுத்துக் கேட்டால் அதன் பதிப்பு, பிஎஸ்ஐடி, சாதன எண் (கனெக்ட்எக்ஸ்-3க்கு 4099) எல்லாம் சொல்லும். அழுத்திய கோப்பை விரிக்காமலேயே கொடுத்துவிடும் தவறு இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

ரெகவரி நிலையில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படிமம் இல்லாததால் ‘நோஎஃப்எஸ்’ இங்கே நியாயமான தெரிவு, இழக்க ஒன்றும் மிச்சமில்லை. அதோடு ஜியூஐடியையும் மேக் முகவரியையும் அதே கட்டளையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் படிமத்தில் இருக்கும் வெற்று மதிப்போ பொது மதிப்போ ஏறிவிடும். ஒரே பொது மேக் உள்ள இரண்டு கார்டுகள் ஒரே சுவிட்சில் அமர்ந்தால் வரும் தலைவலியைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போகும்.

எழுதி முடிந்ததும் ‘வெரிஃபை’ கட்டளை. இது படிமத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதன் சிஆர்சி (பிழை கண்டறியும் எண்) சரியா என்று வரிசையாகச் சொல்லி, இறுதியில் படிமம் பூட் ஆகத் தகுந்தது என்று முடிக்க வேண்டும். ஒரு பகுதியில் மட்டும் பிழை வந்து, மறுபடி எழுதினாலும் அதே முகவரியில் வந்தால், ஃபிளாஷ் சிப் தேய்ந்திருக்கிறது அல்லது எழுதுதடை பிட் போடப்பட்டிருக்கிறது. பின்னதை ஃபிளின்ட்டின் ‘எச்டபிள்யூ குவெரி’ காட்டும், எழுதுதடையை அங்கேயே நீக்கலாம். இங்கே எல்லாம் சரி.

பிறகு சர்வரை நிறுத்தி, மின்கம்பியையே பிடுங்கி, அரை நிமிடம் விட்டுத் திரும்பச் செருக வேண்டும். வெறும் ஷட்டவுன் போதாது. வேக்-ஆன்-லேனுக்காக (நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வசதி) ஸ்லாட்டுக்குக் காத்திருப்பு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் சிப் பழைய நிலையிலேயே உட்கார்ந்திருக்கும்.

எழுந்ததும் சாதன எண் 1003 ஆனது, ‘எம்எல்எக்ஸ்4’ டிரைவர் ஏறியது, இடைமுகம் வந்தது, மேக் முகவரி ஸ்டிக்கரில் உள்ளதே. ஆனால் கேபிளைச் செருகினால் இணைப்பு வரவில்லை. ஈத்டூல் கட்டளையில் கேபிள் தொகுதியின் தகவலைக் கேட்டால், கூண்டில் தொகுதியே இல்லை என்பதுபோல் பிழை. வேறு கேபிள், வேறு சுவிட்ச் போர்ட், எல்லாம் அதே கதை.

பிஎஸ்ஐடி வெறும் விற்பனைக் குறியீடு அல்ல என்பது இப்படித்தான் புலப்படும். படிமத்துக்குள் பலகையின் அமைப்புப் பட்டியல் ஒன்று பொதிந்திருக்கும்: சிப்பின் எந்த ஜிபிஐஓ (பொதுக் கட்டுப்பாட்டு) கால் எந்த விளக்குக்குப் போகிறது, தொகுதியைப் படிக்கும் ஐ2சி இணைப்பு எந்த வழியில், செர்டெஸ் (அதிவேக சிக்னல் சுற்று) அளவுகள் எவ்வளவு என்று. ஒரே சிப், ஒரே போர்ட் எண்ணிக்கை என்பதற்காக இரண்டு பலகைகளின் பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நிறையக் கார்டுகளில் ஒன்றாகவே அமைந்து பொதுப் படிமம் சிக்கலில்லாமல் ஓடிவிடுகிறது, அதனால்தான் இந்த வழக்கமே பரவியது. அமையாதவற்றில் இணைப்பு வராது, விளக்குகள் முறை மாறி எரியும், மோசமான நிலையில் கார்டு பஸ்ஸிலேயே எழாது.

ஆகவே வாசித்து வைத்த கோப்பில் கிடைத்த பிஎஸ்ஐடிக்குரிய படிமத்தை அந்தத் தயாரிப்பாளரின் பதிப்பிலிருந்தே எடுத்து மறுபடி எழுதியது. இந்த முறை ‘அலோ பிஎஸ்ஐடி சேஞ்ச்’ மட்டும், ‘நோஎஃப்எஸ்’ இல்லாமல், டிமக்ஸுக்குள், மதர்போர்டின் சொந்த நெட்வொர்க் போர்ட் வழியாக. சரிபார்ப்பு, மின்கம்பி பிடுங்கல், மறுபடி பூட். இணைப்பு உடனே 10 ஜிகாபிட்டில் வந்தது.

ரெகவரி எண்கூட வராவிட்டால்

இந்தக் கார்டில் இதற்குமேல் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் தவறான படிமம் முழுமையாக, சரியான கையொப்பத்தோடு ஏறிவிட்டால் நிலைமை இதைவிட மோசம். சிப் அதை நல்லது என்றே நம்பி ஓட்டும், ஓட்டிய பிறகு தொங்கும். பாதிப் படிமம் உள்ள கார்டை மீட்பது எளிது, முழுத் தவறான படிமம் உள்ளதுதான் கடினம்.

அதற்கான வழி, பூட் ஆகும்போது ஃபிளாஷ் இல்லை என்று சிப்பை நம்பவைப்பது. பல கனெக்ட்எக்ஸ் கார்டுகளில் ‘எஃப்என்பி’ (ஃபிளாஷ் நாட் பிரசென்ட்) என்று குறித்த இரண்டு ஊசிகளோ, ஊசி பொருத்தாத இரண்டு துளைகளோ இருக்கும். மின்சாரம் இல்லாதபோது அவற்றை ஜம்பரால் இணைத்து, கணினியை எழுப்பினால் ரெகவரி எண் வரும். கணினி எழுந்ததும், எழுதுவதற்கு முன், ஜம்பரைக் கழற்ற வேண்டும். துளைகளாக இருந்தால் அவற்றை வெறும் கம்பியால் இணைக்காமல் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்துவது வசதி, திறந்த சர்வருக்குள் இடுக்கியோடு குனிவதைவிடப் பாதுகாப்பு.

அந்த ஊசிகளே இல்லாத பலகையில் ஃபிளாஷின் 7ஆம் காலைப் பயன்படுத்தலாம். 8 கால் எஸ்பிஐ ஃபிளாஷில் 1 சிப் செலக்ட், 2 தரவு வெளி, 3 எழுதுதடை, 4 தரை, 5 தரவு உள், 6 கடிகாரம், 7 ஹோல்ட், 8 மின்சாரம். ஹோல்ட் தரையோடு சேர்ந்திருக்கும்வரை ஃபிளாஷ் வாய் திறக்காது. ஆனால் மீட்டரை எடுத்து 7க்கும் 8க்கும் இடையே மின்தடையை அளந்த பிறகே இதைச் செய்யலாம். 1 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் இருந்தால் இழுப்பு மின்தடை இருக்கிறது, தரையோடு இணைக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் 7ஆம் கால் நேராக 3.3 வோல்ட் தடத்தில் இருக்கிறது. அதைத் தரையோடு இணைப்பது கார்டின் மின்வழங்கலையே குறுக்குச் சுற்றாக்கும். நான்கு கால்களில் தரவு அனுப்பும் குவாட் முறை இயங்கும் ஃபிளாஷ்களில் 7ஆம் கால் தரவுக் காலாக மாறிவிடும், அங்கே இந்த வழி உதவாது.

ஃபிளாஷ் சிப்பில் நேரடியாக எழுதும் வெளிப் புரோகிராமரும், அதன் 8 கால்களைக் கவ்வும் எஸ்ஓஐசி-8 கிளிப்பும் கடைசி வழி. பழுதுபார்க்கும் வீடியோக்களில் இதுவே முதல் காட்சியாக வருவது ஏனென்று புரியவில்லை. மலிவான கறுப்புப் பலகை சிஎச்341ஏ புரோகிராமரில் மின்சாரக் கால் 3.3 வோல்ட் தந்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும், ஏனென்றால் அதன் சிப் 5 வோல்ட்டில் ஓடுகிறது. திருத்திய பலகையோ, 3.3 வோல்ட் கால்கள் உள்ள ராஸ்பெர்ரி பையோ மேல். 1.8 வோல்ட் ஃபிளாஷ் என்றால் இரண்டுக்கும் மட்டம் மாற்றும் அடாப்டர் வேண்டும். சிப்பின் மேலுள்ள எண்ணைத் தேடி மின்னழுத்தத்தை உறுதி செய்யாமல் கிளிப்பைப் போடவே கூடாது.

கிளிப் போட்டுப் பலகையிலேயே வாசிக்கும்போது இரண்டு தொல்லைகள். கிளிப்பின் 3.3 வோல்ட் ஃபிளாஷோடு நிற்காமல் கார்டின் தடம் முழுக்கப் பாயும், புரோகிராமர் திணறும். அரைகுறையாக விழித்த கட்டுப்பாட்டுச் சிப் அதே கம்பிகளில் தானும் பேச முயலும். விளைவு, ஒவ்வொரு வாசிப்பும் ஒவ்வொரு விதம். கம்பியை 10 சென்டிமீட்டருக்குள் சுருக்கி, ஃபிளாஷ்ரோம் மென்பொருளில் வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்க்கலாம். அப்போதும் இரண்டு வாசிப்புகள் ஒத்துப்போகவில்லையென்றால் சூடான காற்றால் சிப்பைக் கழற்றுவதே வழி.

வாசித்துப் பத்திரப்படுத்திய பிறகு என்ன எழுதுவது? ஒன்றும் எழுத வேண்டாம், அழித்தால் போதும். வெற்று ஃபிளாஷைக் கண்ட சிப் தானாகவே ரெகவரி எண்ணோடு எழும், மீதி வேலையைக் கணினிக்குள் ஃபிளின்ட் பார்த்துக்கொள்ளும். படிமத்தைப் புரோகிராமரால் நேரடியாக எழுத முயல்பவர்கள் கோப்பு அளவு சிப்பின் அளவோடு பொருந்தவில்லை என்று ஃபிளாஷ்ரோமிடம் மல்லுக்கட்டுவார்கள், எழுதிய பிறகு அடையாளம் இல்லாத கார்டோடு நிற்பார்கள்.

கனெக்ட்எக்ஸ்-4 முதல் இந்த அழிப்புக்கு விலை அதிகம். அவற்றில் ஜியூஐடி, மேக், உற்பத்தித் தகவல், விபிடி (பாகம் எண், வரிசை எண் பதிவு) எல்லாம் படிமத்துக்குள் இல்லாமல் ஃபிளாஷில் தனிப் பகுதிகளாக உள்ளன. கருவி வழியாகப் படிமத்தை மாற்றினால் அவற்றைத் தொடாது, முழுச் சிப்பையும் அழித்தால் அவையும் போகும். பாதுகாக்கப்பட்ட ஃபர்ம்வேர் உள்ள கார்டுகளில், தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத படிமம் ஏறவே ஏறாது. ஃபிளின்ட்டின் விசாரிப்பில் பாதுகாப்புப் பண்புகள் வரியில் ‘செக்யூர்-எஃப்டபிள்யூ’ என்று இருந்தால், வேறு முத்திரைப் படிமத்தை ஏற்றும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

மீண்ட கார்டைச் சோதித்தது

இணைப்பு வந்ததோடு வேலை முடியாது. எல்எஸ்பிசிஐயை விரிவாக ஓட்டி இணைப்பு நிலை வரியில் 8 ஜிகா டிரான்ஸ்ஃபர் வேகமும் கார்டின் முழு லேன் (பிசிஐ தரவுப் பாதை) எண்ணிக்கையும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றி மாட்டியதில் தங்க விரல்களில் தூசு இருந்தால் லேன் குறையும், அதை ஃபர்ம்வேர் பிழையென்று நினைத்து மறுபடி எழுதத் தோன்றும். ஈத்டூலில் ஃபர்ம்வேர் பதிப்பு, மேக், தொகுதியின் வெப்பம். பிறகு வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 இரு திசையிலும் அரை மணி நேரம்: 1500 பைட் எம்டியூவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஒற்றைத் திசையில் 9.4 ஜிகாபிட் அருகே நிலையாக நிற்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சிஆர்சி பிழை எண்ணிக்கையை எடுத்து ஒப்பிட்டதில் மாற்றமில்லை. அது ஏறிக்கொண்டே போனால் செர்டெஸ் அளவுகள் பொருந்தாமல், பிஎஸ்ஐடி இன்னும் தவறாக இருக்கலாம்.

இன்ஃபினிபேண்ட் (சர்வர்களை இணைக்கும் வேறொரு நெட்வொர்க் வகை), ஈதர்நெட் இரண்டும் பேசும் விபிஐ கார்டாக இருந்தால் இன்னொரு பொறி உண்டு. ஃபிளாஷ் துடைத்து எழுதியதில் சேமித்த அமைப்புகளும் போயிருக்கும், போர்ட் இன்ஃபினிபேண்டாகத் திரும்பியிருக்கலாம். அப்போது டிரைவர் ஏறியும் ஈதர்நெட் இடைமுகம் வராது. எம்எல்எக்ஸ்கான்ஃபிக் கருவியில் போர்ட்டின் இணைப்பு வகையை 2 ஆக வைத்து (1 என்றால் இன்ஃபினிபேண்ட்) மறுபடி பூட் செய்தால் வந்துவிடும். எஸ்ஆர்-ஐஓவி (ஒரே கார்டைப் பல மெய்நிகர் கார்டுகளாகக் காட்டும் வசதி) எண்ணிக்கையையும் அதே இடத்தில் திரும்பப் போட வேண்டும்.

எல்லாம் சரியான பின் ‘ஆர்ஐ’ கட்டளையால் புதிய நகல் ஒன்று எடுத்து, கோப்பின் பெயரில் மேக் முகவரியையும் பிஎஸ்ஐடியையும் சேர்த்து, வேறு கணினியில் வைத்தாயிற்று. நெட்வொர்க் வழியாகப் பூட் செய்யும் சர்வர் என்றால், விசாரிப்பில் ‘ரோம் இன்ஃபோ’ வரியும் காலியாக இல்லாமல் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் பூட்) பதிப்பைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில படிமங்கள் அந்தப் பகுதி இல்லாமலேயே வெளியாகின்றன, அது அடுத்த முறை சர்வர் வட்டு இல்லாமல் எழ முயலும்போதுதான் தெரியவரும்.